இரண்டு கல்யாணம், ஒரே மாப்பிள்ளை

கோர்ட்டுக்கு எதிரே உள்ள சலவைக் கடையில் இஸ்திரி அக்கா எங்கே என்று கேட்டால் நீராவிக்குள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த வட்டாரத்து வக்கீல்களின் கறுப்புக் கோட்டெல்லாம் அவள் கைபட்ட பிறகுதான் கோர்ட் படி ஏறும். அக்குளில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தே ஐயா நேற்று எவ்வளவு கத்தினார் என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் எல்லாருமே கத்தினார்கள். கல்யாணத்துக்கும் விவாகரத்துக்கும் மதத்துக்கு ஒரு சட்டம் இருப்பதை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கொண்டுவரலாமா கூடாதா என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. இரு கட்சிக் கோட்டுகளும் அவள் கடையில் ஒரே கம்பியில்தான் தொங்கின.

அவள் கதை இதுதான். இரண்டு வீட்டு அம்மாக்களின் மனசும் நோகக் கூடாது என்று, காலையில் மாப்பிள்ளையின் மதப்படி ஒரு கல்யாணம், சாயங்காலம் இவள் மதப்படி இன்னொன்று என்று அதே ஆளையே இரண்டு தடவை கட்டிக்கொண்டாள். ஊரே மெச்சியது. மெச்சியவர்களில் ஒருத்தராவது, பிரிகிறதென்றால் இரண்டு தடவை பிரியணுமே என்று யோசித்தாரா? கல்யாண வீட்டில் அதை யார் பேசுவார்கள்!

ஒத்துவரவில்லை. அவன் மதத்து மன்றம் காலைக் கல்யாணத்தை ஒரே மாசத்தில் அறுத்துவிட்டது. அவன் அடுத்தவளைக் கட்டிக் குழந்தையும் பெற்றாயிற்று. சாயங்காலக் கல்யாணம் மட்டும் கல்லாட்டம் நிற்கிறது. இவள் மதத்து மன்றமோ, புருஷன் நேரில் வந்து சம்மதம் சொல்லணும் என்கிறது. "எனக்குத்தான் எப்பவோ தீர்ந்துடுச்சே, நான் எதுக்கு அங்க வரணும்?" என்று அவன் போனை வைத்துவிட்டான். அரசாங்கக் கோர்ட்டில், இது மத விஷயம் என்று கையை விரித்தார்கள். இவளை ஏழு வருஷமாகப் பந்தாடுகிறார்கள்.

"பேசாம அவன் மதத்துக்கு மாறிடுங்க அக்கா. சாயங்காலக் கல்யாணம் தானா செல்லாமப் போயிடும்" என்றாள் பொதுச் சட்டக் கட்சியில் இருந்த வக்கீலம்மா.

"ஆளைத் தொலைக்கிறதுக்குக் கடவுளையும் தொலைக்கணுமாம்மா?"

இவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். போதாக்குறைக்கு அவர் மூன்றாவது மதம். அவருக்குத் தொலைதூர டிப்போவுக்கு மாற்றல் வந்திருந்தது. கூடவே வீடும் தருவார்கள், கட்டிய மனைவி இருந்தால்.

வக்கீல் சங்க ஹாலில் நடந்த விவாதக் கூட்டத்துக்கு வக்கீலம்மா இவளைக் கையோடு இழுத்துப் போனாள். மேடையில் ஏற்றி, மதம் மாற மறுத்ததுவரை அவள் கதையைச் சொல்லி, "இந்தச் சகோதரியைப் பாருங்கள்!" என்றாள். பலத்த கைதட்டல். உடனே பொதுச் சட்டம் கூடாது என்ற கட்சியில் இருந்த, இவள் மதத்து மூத்த வக்கீல் எழுந்தார். "ஆசை காட்டியும் மதத்தை விடாத இந்தச் சகோதரியைப் பாருங்கள்!" என்றார். அதைவிடப் பலத்த கைதட்டல். பொருட்காட்சியில் வைத்த பொம்மை மாதிரி நின்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தது போதும். நான் இப்ப யாருக்காவது பொண்டாட்டியா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

மூத்த வக்கீல், "மன்றத்தின் விதியில் நாம் கைவைக்க முடியாதம்மா" என்றார்.

அவள் வக்கீலம்மா பக்கம் திரும்பினாள். "உங்க சட்டம் வந்தா எனக்கு விடுதலை உண்டா?"

வக்கீலம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மசோதாவில்... இனிமேல் நடக்கும் கல்யாணங்களுக்கு மட்டும்தான் அக்கா. பழசைத் தொட்டால் ஓட்டு விழாதுன்னு விட்டுட்டாங்க."

அதற்கு யாரும் கைதட்டவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்தார்கள்.

வெளியே டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாங்க?"

"இனிமே கல்யாணம் பண்றவங்களுக்குத்தானாம்."

அவர் முகம் மலர்ந்தது. "நாம இனிமேதானே பண்ணப் போறோம்!"

"அதுக்குப் பழசு போகணுமேங்க."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். உள்ளே யாரோ பெண்ணுரிமை பற்றித் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளன்னிக்குக் கிளம்பணும்" என்றார் அவர். "நீ சொல்லு, காத்திருக்கேன். எத்தனை வருஷமானாலும்."

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவள் ஆசைப்பட்டிருந்தாள். கேட்டதும் பயமாக இருந்தது.

"வேண்டாம். நல்ல பொண்ணாப் பார்த்துக் கட்டிக்குங்க" என்றாள். "இந்தக் கூத்துல மாட்டிக்கிட்டு நிக்க நான் ஒருத்தி போதும்."