எல்லாருக்கும் காது கேட்கிறது என்றேன்

நான் பொய் சொன்னேன். "ஆமாங்க" என்ற ஒரே ஒரு சொல்தான். அதனால் ஒரு பெண்ணின் படிப்பே திசை மாறிப்போனது. என் கணவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பறைகளில் பெரிய திரைகளை மாட்டினார்கள். பாடப் படங்களை இணையம் வழியே காட்ட எந்த வீடியோ சேவையை வாங்குவது? இரண்டு நிறுவனங்கள் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தன. பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தாளாளர் என்னிடம் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை!

அப்போது என் எட்டாம் வகுப்பில் மேகலா இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. முன் பெஞ்சில் அமர்ந்து என் உதடுகளைப் பார்த்தே பாடம் படித்தாள். அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். வகுப்பு தொடங்கிய புதிதில் என்னைத் தனியே அழைத்துக் கைகூப்பினார்.

"புள்ளைக்குக் காது கேக்காதுன்னு ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர். நாளைக்கு அம்மணிக்கு ஒரு நல்லது நடக்கோணுமுங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் சேவையின் படங்களில் கீழே தமிழில் எழுத்து ஓடியது. பேச்சு மட்டுமல்ல, சத்தங்களும் எழுத்தாக வந்தன. இரண்டாவதில் எழுத்தே கிடையாது. பேசுகிறவர் முகமும் தெரியாது, பின்னணியில் குரல் மட்டும் வரும்.

முதல் சேவையில் ஓர் எரிமலைப் படம் போட்டேன். 'மலை உறுமுகிறது' என்று எழுத்து வந்ததும் மேகலா சட்டென்று திரும்பினாள்.

"மிஸ், மலை சத்தம் போடுமுங்களா?"

அந்த வியப்பை நான் எப்படிச் சொல்வேன்! அந்த வாரம் முழுவதும் கேள்விக்கு முதலில் கை தூக்கியவள் அவள்தான். பெரியவளானதும் அறிவியல்தான் படிப்பேன் என்று சொல்லத் தொடங்கினாள்.

பிறகு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் தாளாளர் அறைக்குப் போனேன்.

இரண்டாவது நிறுவனம் அவருடைய சம்பந்தி வீட்டாருடையது. அதையே வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், அந்த எழுத்தெல்லாம் எதுக்குங்க? நம்ம புள்ளைங்க எல்லாத்துக்கும் காது நல்லாத்தானுங்க கேக்குது?"

அவ்வளவு பணிவாகக் கேட்பவரிடம், அவர் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படி மறுத்துப் பேசுவது?

"ஆமாங்க," என்றேன். "அதுவே போதுமுங்க."

அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேன்... பல நாள் இப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை! அவள் பெயரை எடுக்காமலே, எழுத்து இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது என்று சொல்லியிருக்கலாமே? மேகலாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தும் 'ஆமாங்க' என்றேன். தாளாளர் என்னைத் தங்கமான டீச்சர் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். எவ்வளவு அற்பம்!

புதிய சேவை வந்த முதல் நாளே அவள் கேட்டாள்.

"மிஸ், எழுத்து வராதுங்களா?"

"வரும் கண்ணு. அடுத்த வாரம் போட்டுருவாங்க."

இன்னொரு பொய்... அவள் நம்பினாள். ஒவ்வொரு படத்திலும் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். வகுப்பு சிரிக்கும்போது பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, சற்றுத் தாமதமாகச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நான் என்ன செய்தேன்? படத்தை நிறுத்தி நிறுத்தி நானே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். பாடம் முடிக்க வேண்டுமே என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவள் முகம் தெரியாதபடி திரும்பி நின்றுகொண்டேன்.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். பதினொன்றாம் வகுப்புக்கு அறிவியல் பிரிவை அவள் கேட்கவே இல்லை.

"அது எனக்கு வராதுங்க மிஸ்," என்றாள். வராதது அறிவியலா, திரையில் எழுத்தா?

வேறு பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவும் மகளும் வந்தார்கள். உடுமலைப்பேட்டையில் மச்சான் தோப்பில் பறித்த தேங்காய்களை ஒரு பை நிறைய எனக்கென்று கொண்டுவந்திருந்தார்.

"இத்தன வருசமா ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாம எங்கள காப்பாத்திப்போட்டீங்க. உங்கள மறக்கவே மாட்டமுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மேகலா, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டுமுங்க," என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டேன்.