ஆரியா சொல்லி வாசித்தவர்

"ஆரியா, மாமா" என்றுதான் ப்ளோரா போனில் ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல்லிலேயே சூசையண்ணன் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவருடைய மகள் அல்லவா, நிறுத்தி நிறுத்தி முழுவதையும் சொன்னாள். "அப்பா விடியக்காலம் எந்திச்சாவ. காப்பி கேட்டாவ. நான் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ."

துறைமுகத்துத் தோழர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். தூக்கிய பாரத்தை மெதுவாக இறக்கு என்பதற்கு நம் பேச்சில் ஆரியா. பறங்கியர் விட்டுப்போன சொல் என்பார் சூசையண்ணன். கப்பலில் பாரம் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர் அவர். கரையில் நின்று மூடையை வாங்கியவன் நான். நான் கையைக் காட்டி ஆரியா என்றால், பாரம் என் தலைக்கு மேலே வந்து ஒரு கணம் நின்று, அப்புறம்தான் இறங்கும். அவர் இறக்கியதில் ஒரு நாளும் என் கால்விரல் நசுங்கியதில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் ஓய்வுபெற்றோர் சங்கச் செயலாளர் எழுதுகிறார். அஞ்சலியாயிற்றே, சிரிப்பு வருகிற இடங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சூசையண்ணனைப் பற்றிச் சிரிக்காமல் பேச வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

வேலையை விட்ட பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி என்று ஆகிப்போனது. அவர் மணப்பாட்டுக்காரர், காலைப் பூசைக்குக் கட்டிய வேட்டியோடு அப்படியே தியேட்டருக்கு வந்துவிடுவார். எல்லாப் படத்துக்கும் போக மாட்டோம். நடந்த கதையாக இருக்க வேண்டும். லாக்கப்பில் அடிபட்டவன் கதை, நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவள் கதை, கட்சிக்காரர்களை எதிர்த்துத் தேர்தலில் நின்ற துப்புரவுத் தொழிலாளி கதை. "பாட்டும் சண்டையும் வீட்டு டிவியில வருதுலே. நடந்த கதைக்குத்தான் டிக்கெட் எடுக்கணும். ஒருத்தன் பட்ட பாட்டை ஓசியில பாக்கப்புடாது" என்பார்.

படம் தொடங்கும்போது திரையில் எழுத்து வரும். அவர்தான் எனக்கு வாசிப்பார். இதில் வரும் எல்லாமே கற்பனை, யாரையும் குறிப்பிடவில்லை என்று போட்டிருந்தால் என் தொடையில் தட்டுவார். "அப்பம் நெசந்தாம்லே. பொய்யின்னா இம்புட்டுப் பெருசா எழுதிப் போடுவானா?"

பார்த்த படத்தின் பெயர் அவருக்கு மறுநாளே மறந்துவிடும். யார் எந்த இடத்தில் என்ன சொன்னான் என்பது எனக்கு இன்றைக்கும் வரிவரியாக வரும். "எழுத்து என்கிட்ட, ஞாபகம் ஒன்கிட்ட. ரெண்டு பேருஞ் சேந்தா ஒரு முழு ஆளு" என்பது அவர் கணக்கு.

ஒரு தடவை துறைமுக வேலைநிறுத்தத்தைப் பற்றிய படம் வந்தது. நம் ஆட்களில் பலர் அன்று தியேட்டர் முன்வரிசையில் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். கதாநாயகன் கரையில் நின்று கையை உயர்த்தி "ஆரியா!" என்று கத்தினான். மூடை விறுவிறுவென்று மேலே போனது. சூசையண்ணன் எழுந்துவிட்டார்.

"ஏலே! ஆரியான்னா எறக்கணும்லே! கீழ ஆளு நிக்கான்!"

"வின்ச்சுல எவம்லே இருக்கான்?" என்று முன்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. டார்ச்சோடு தியேட்டர்காரர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, படம்லா ஓடுது. உக்காருங்க."

"படம் ஓடட்டும் தம்பி. மூடை அந்துதுன்னா அவன் செத்துருவாம்லா!"

அடுத்த காட்சியிலேயே மூடை அறுந்து விழுந்து கீழே நின்ற தொழிலாளி செத்துப்போனான். படத்தில் வேலைநிறுத்தமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மாவும் மனைவியும் விழுந்து புரளுகிறார்கள். "நாந்தான் அப்பமே சொன்னேம்லா" என்றார் சூசையண்ணன். அந்தச் சாவுக் காட்சியில் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

இனி எங்களுக்குள் வந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். நடந்த கதைப் படங்களில் கடைசியிலும் எழுத்து வரும். அந்த உண்மையான ஆள் இப்போது எங்கே இருக்கிறார், வழக்கு என்னவாயிற்று என்று போடுவார்கள். எனக்குப் படத்தைவிட அதுதான் முக்கியம். மற்றதெல்லாம் நடிகர்கள் செய்தது. அந்த நாலு வரி மட்டும் அந்த ஆளுடையது.

கடலில் எல்லை தாண்டினான் என்று பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்த மீன்பிடிக்காரர் ஒருவரின் கதையைப் பார்த்தோம். நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கடைசி எழுத்து வந்தது. சூசையண்ணன் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடகடவென்று வாசித்தார். "விடுதலையாகி வந்துட்டாராம். மக கல்யாணத்தை முடிச்சிட்டாராம். சொந்தமா வள்ளம் வாங்கி நல்லா இருக்காராம்."

எனக்கு வந்த சந்தோசத்தில் அந்த வாரம் முழுக்கப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். டீக்கடை மாடசாமியிடமும் சொன்னேன். அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? அந்த ஆளு ஜெயில்லயே செத்துட்டாருல்லா? எழுதிப் போட்டானே."

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். எழுத்து தெரியாதவனுக்கு வாசித்துச் சொல்கிறவனை நம்புவதைத் தவிர வழியில்லை. அப்படியானால் இத்தனை காலம் கேட்ட முடிவுகளில் எது நடந்தது, எது அண்ணன் கட்டியது? செத்த ஒரு மனிதனை உயிரோடு இருப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "என்னண்ணே, ஜெயில்ல செத்தவனுக்கு வள்ளம் வாங்கிக் குடுத்துட்டிய?" அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ப்ளோரா சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஏலே சுடலை, நீ துண்டைக் கடிச்சிக்கிட்டு அழுவுதே. அந்நேரம் அதையும் ஒன் தலையில எறக்கச் சொல்லுதியா?"

"நீங்க எறக்குன மூடைக்குக் கீழதாண்ணே காலம்பூரா நின்னேன். பாரம் கூடன்னு பாதியைக் கப்பல்லயே வச்சிக்கிட்டியளா? ஆரியான்னு மெதுவா எறக்குனிய, நான் வாங்குனேன். இதையும் அப்படி எறக்கப்புடாதா?"

"கல்யாணம் நெசம்லே. மக கல்யாணம் நடந்துச்சுன்னு எழுதித்தான் இருந்தான்" என்றார் மெதுவாக.

"வேற எதுலல்லாம் கை வச்சிய?"

"அந்த டீச்சரம்மா படத்துல ரெண்டு பிள்ளை சேத்துப் பெத்து வச்சேன்."

அதற்குமேல் என்னாலும் சண்டையை இழுக்க முடியவில்லை. பொரித்த மீனைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முடிவு கெட்டதாக இருந்தால் முதலில் "ஆரியா" என்பார். நான் துண்டை எடுத்துக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் வாசிப்பார். நல்ல முடிவென்றால் நேரே விசில்தான். போகப்போக, பின்வரிசையிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமா வாசிங்க, கண்ணாடி கொண்டாரல்ல."

அவர் போவதற்கு முன்னாலேயே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்லி ப்ளோராவிடம் சொல்லியிருந்தார். அடக்கம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நான் தயங்கினேன். ப்ளோராதான் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். "போங்க மாமா. நீங்க போகாட்டா அப்பாவுக்குக் கோவம் வரும். அவிய சீட்டுல துண்டைப் போட்டு வைங்க."

உப்பளத்துப் பெண்களுக்குக் கூலி கேட்டு நின்ற ஒருத்தியின் கதை. நல்ல படம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எனக்கு ஒரு பக்கம் துண்டு. மறுபக்கம் புருசனோடு வந்திருந்த ஒரு நடுவயதுப் பெண்.

"தாயி, எனக்கு எழுத்து தெரியாது. கொஞ்சம் வாசிச்சிச் சொல்லுதியா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஈரமாக இருந்த என் முகத்தைப் பார்த்தாள். "அவுக நல்லா..." என்று இழுத்தாள். அந்தத் தயக்கம் எனக்குப் பழக்கமானது. வள்ளம் வாங்கிக் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"ஆரியா, தாயி" என்றேன்.

"என்னது அண்ணாச்சி?"

"மெதுவா எறக்குன்னு அர்த்தம். மிச்சம் வைக்காம எறக்கு. நான் கீழ நிக்கேன்."

சூசையண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சொல்தான். அதை அன்றைக்கு வேறொருவர் கையில் கொடுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. அவள் ஒவ்வொரு சொல்லாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். கொஞ்சம் பாரம்தான். கால்விரல் நசுங்கவில்லை.