பஞ்சுக் குச்சியும் சேனைத் தண்ணீரும்

ஒரு சாண் நீளத்தில் மெல்லிய குச்சி, நுனியில் பஞ்சு. டாக்டரம்மாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தக் குச்சிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் நான் டீச்சராக இருந்தேன். என் கணவர் அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மாதம் ஒருமுறை டாக்டரம்மா சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருவார். தோளில் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க், கையில் கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய பெட்டி. குழந்தைகளை உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறம் பஞ்சை ஓட்டி எச்சிலை எடுத்து, குழாயில் போட்டு ஐஸில் வைப்பார். ஏதோ கிருமியைத் தேடும் ஆராய்ச்சி என்றார். எங்கள் ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்காது. “ஏனுங்க டாக்டரம்மா, எங்களுக்கே ஐஸ் வெச்ச தண்ணி கெடைக்கறதில்லீங்க. இந்த எச்சிலுக்கு வந்த யோகத்தப் பாருங்க!” என்பார். டாக்டரம்மாவும் சிரிப்பார், ஆனால் கை நிற்காது.

முதல் மாதம் எடுத்ததை அவர் அப்படியே கொட்டிவிட வேண்டியதாயிற்று. பத்து மணிக்குத் தோட்டத்திலிருந்து தாய்மார்கள் பால் கொடுக்க ஓடி வருவார்கள். அவர்கள் போன கையோடு இவர் பஞ்சை எடுத்துவிட்டார். தேடுகிற கிருமி தாய்ப்பாலிலும் இருக்கலாம், பிறகு அது பிள்ளையுடையதா தாயுடையதா என்று சொல்ல முடியாது என்று பின்னால் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம் தாய்மார் வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவார்.

எச்சில் விஷயத்தில் நம் ஆட்கள் எவ்வளவு கறார் என்று சொல்ல வேண்டியதில்லை. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கத் தெரியாதவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் பிள்ளை எச்சிலுக்கு மட்டும் விலக்கு. அது எச்சிலே இல்லை. காப்பகத்தில் மீந்த பருப்புச் சோற்றை ஆயாவும் நானும் ஒரே வட்டிலில் வழித்துச் சாப்பிடுவோம். இரண்டு வயதுப் பையன் ஒருவன் பாதி கடித்த பன்னை என் வாயில் திணித்துவிட்டு, நான் மெல்கிறேனா என்று உற்றுப் பார்ப்பான். நான் மெல்லாவிட்டால் அழுவான். இதையெல்லாம் நான் சந்தோஷமாகத்தான் செய்தேன்.

மழை தொடங்கிய மாதத்தில் டாக்டரம்மா முடிவுகளோடு வந்தார். ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ என்ற வைரஸ் பல குழந்தைகளின் எச்சிலில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது, அநேகமாக எல்லோருக்குமே சின்ன வயதில் வந்துபோவதுதான், ஆனால் கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் சில சமயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும், காதுகூடக் கேட்காமல் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் கை வயிற்றுக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது அது. கணவரையும் அவர் அம்மாவான அத்தையையும் தவிர யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அன்றே என் ரத்தத்தை எடுத்துப் போனார். அடுத்த முறை வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முகத்தில் பதில் தெரிந்தது. “இருக்குதுங்க டீச்சர். ஆனா பழசா புதுசான்னு என்னால சொல்ல முடியலீங்க. சின்ன வயசுலயே வந்திருந்தா பெரும்பாலும் பயமில்லை. இந்த வருஷம் வந்திருந்தா...” என்று இழுத்தார். மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்போதுதான் தெரியும் என்று கேட்டேன். பிள்ளை பிறந்ததும் அதன் எச்சிலைப் பார்த்தால் தெரியும், மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் எடுத்தால் வயிற்றிலேயே வந்ததா வெளியில் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தீர்க்க முடியாததை எதற்காக என்னிடம் சொன்னாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அதன்பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? கூண்டுக்குள் இருந்த மாதங்கள். வேலையை விட்டுவிடு என்றார் கணவர். வந்திருந்தால் வந்தாயிற்று, இனி விட்டு என்ன என்றேன் நான். என் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வழியிருந்தால் போயிருப்பேன். ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களை மூடிக்கொண்டு பனிமூட்டம். மூடினால் சுவரெல்லாம் ஈர வாடை. பாதையில் மண் சரிந்து பஸ் வராத நாட்களில் மலையே கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருக்கும். காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் வேலையை ஆயா வாங்கிக்கொண்டார். பன் பையன் ஓடி வரும்போதெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “டீச்சருக்கு வவுத்து வலி சாமி, ஆயாவுக்குக் குடு” என்பார். அவன் அவரை நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பிரசவத்துக்கு அத்தை மலைக்குக் கீழிருந்து வந்தார். கூடவே அவருடைய அண்ணனையும் கூட்டி வந்தார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், அதிர்ந்து பேசாதவர். அவர் வந்தது சேனை வைக்க. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும். வேதத்தில் இல்லாத இந்த ஒரு சங்கதியில் மட்டும் அத்தை போதகர் சொன்னாலும் கேட்க மாட்டார். டாக்டரம்மாவும் முந்தின நாளே வந்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் தங்கியிருந்தார். பெரியவர், டாக்டரம்மா இருவரும் வந்திருப்பது ஒரே வாய்க்காக என்பது எனக்கு வலியிலும் தெரிந்தது.

விடிந்து வெகுநேரம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. கற்கண்டு கரைத்த கிண்ணத்தோடு அத்தை வந்தார். வெளியே பெரியவர் கை கழுவிக்கொண்டு நின்றார். பாலோ தண்ணீரோ வாயில் படுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் முடிவில் சந்தேகமே இருக்காது என்று டாக்டரம்மா குச்சியோடு நின்றார். அத்தை மறித்துக்கொண்டார். “மொதமொதல்ல புள்ளை வாயில ஆரோ ஒருத்தரு பஞ்ச உட்டு ஆட்டறதுக்கா ஆறு வருஷமா செபம் பண்ணினோம்? சேனை வெச்சுட்டு எடுத்துக்கோங்க” என்றார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தை விடவில்லை. “ஏனுங்க, உங்களுக்குப் புள்ளை குட்டி இருக்குதுங்களா? இருந்தா இப்பிடிக் கேப்பீங்களா?”

டாக்டரம்மா குச்சியைத் தாழ்த்தினார். “ஒரு பையன் இருக்கானுங்கம்மா. காது கேக்காதுங்க. எங்க ஊட்டுக்காரரு எனக்குத் தாய்மாமன். சொந்தத்துல கட்டினதாலதான்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். இந்தக் கிருமியாவும் இருக்கலாம். நான் பாக்கோணும்னு நெனச்சப்ப அவனுக்கு ஒரு வயசு தாண்டிருச்சுங்க. இனி எந்தக் காலத்துலயும் எனக்குத் தெரியாதுங்க” என்றார். சொல்லிவிட்டு, அழாமல், பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார்.

குறையுள்ள பிள்ளை பெற்றவளைச் சேனை வைக்கக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பக்கமே விட மாட்டார்கள். அத்தை கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பிள்ளையை என் பக்கத்திலிருந்து எடுத்து, அதன் தாடையை விரலால் மெல்லத் தாழ்த்தி, “நீயே வெய்யி கண்ணு” என்றார். அதுவரை ‘வாங்க போங்க’ என்று பேசியவர். டாக்டரம்மா குச்சியை உயர்த்தி, பிள்ளையின் வாயில் முதன்முதலாகப் பஞ்சை வைத்தார். பெரியவர் வெளியே கழுவிய கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கூண்டு அதோடு திறக்கவில்லை. எடுத்த எச்சிலை ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள செல்களோடு வைத்து, கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டை விட்டு நானும் வெளியே போகக்கூடாது. அந்த வாரங்களில் பிள்ளை அழுவதைத் தவிர எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. தட்டைக் கீழே போட்டுப் பார்க்கலாமா என்று கணவர் ஒருநாள் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை திடுக்கிடாவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். காலையில் ஆள் கூப்பிட எஸ்டேட் மணி அடிக்கும்போது, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அத்தை பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார். மூவரும் பூனைகளைப் போல நடமாடினோம்.

அன்று பிறந்த பெண் இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிற வயதையெல்லாம் தாண்டிவிட்டாள். ஒன்றைக் கேட்டால் பதில் தெரியும்வரை விட மாட்டாள். யார் வைத்த சேனை, அப்படித்தான் இருக்கும் என்று அத்தை கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சேனையில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இப்போது இந்தச் சோதனையின் முடிவு சீக்கிரமே வந்துவிடும் என்கிறார்கள். எந்தத் தாய்க்கும் அந்த வாரங்கள் இல்லாமல் போகட்டும்.

அன்று முடிவை எஸ்டேட் ஆபீஸ் போனில் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா பஸ் ஏறி நேரில் வந்தார். வாசலிலிருந்தே, “இல்லீங்க டீச்சர், கிருமி இல்லீங்க” என்றார். நான் சத்தம் போட்டு அழுதேன். அத்தனை வாரத்தில் அந்த வீட்டில் நாங்கள் போட்ட முதல் சத்தம் அதுதான். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அத்தை மடியில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில், அதன் கண்ணில் படாமல் உட்கார்ந்து, ஒருமுறை கைதட்டினார். பிள்ளை தூக்கிவாரிப் போட்டு, இரண்டு கையையும் விரித்தது. அது போதும். டாக்டருக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். அவர் மறுபடியும் தட்டினார். பிள்ளை மறுபடியும் துள்ளியது. அத்தை தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அவர் இன்னொரு முறை தட்டினார்.