மிஸ்ஸி மறைத்த ஐந்து மாதங்கள்

அளவு நாடா மிஸ்ஸியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். கழுத்திலிருந்து முதுகு வழியே மின்சாரம் அடித்தது போல இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னார். வரிசையில் நின்ற யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் கொப்பியோடு இருந்த நான் மட்டும் கண்டேன்.

ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் இருந்த சிறிய கிளினிக் அது. எடை, உயரம், இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொருவரையும் மிஸ்ஸி அளந்து சொல்ல, நான் எழுதுவேன். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவருக்கு ஐம்பது வயது, எனக்கு நாற்பது. கட்டையான, பருத்த உடம்பு. தோளுக்குள் புதைந்த கழுத்து. "எடையக் குறைங்க, முழங்கால் மட்டுமில்ல, கழுத்தெலும்பும் தேயும்" என்று எல்லோரையும் அதட்டுகிறவர், அந்தத் தராசில் தான் ஏறி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆட்கள் போன பிறகு கதவைச் சாத்தினார்.

"இஞ்ச வா புள்ள. என்ன ஒருக்கா அளந்து பாரு."

நாடாவை அவர் கழுத்தைச் சுற்றி வைத்தபோது என் விரலுக்குக் கீழே நாடி படபடவென்று அடித்தது. இலக்கத்தைச் சொன்னேன்.

"எழுதாத" என்றார். "அப்பாவுக்கும் இப்பிடிக் கைவிரல் மரத்துத்தான் தொடங்கின. மறுகா ஏழு வருசம் பாயில. நான்தான் கழுவித் துடைச்ச. ஒருத்தருக்கும் சொல்லிராத கா."

சொல்லமாட்டேன் என்றேன். ஐந்து மாதங்கள் காலையில் அவருடைய சட்டைப் பட்டன்களைப் பூட்டிவிட்டேன். அவருடைய எழுத்து கோணியது. நடை, சேற்றுக்குள் கால் வைக்கிறவரின் நடையாயிற்று. டொக்டரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தோம்.

பிறகு அந்தக் குழந்தை. மூன்று மாதப் பிள்ளையை எடை பார்க்கத் தாயிடமிருந்து வாங்கிய மிஸ்ஸியின் விரல்கள் திடீரென்று விரிந்துவிட்டன. எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது. பிள்ளை என் மடியில் கிடந்து வீரிட்டது. மிஸ்ஸி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நேரே டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டவுனில் ஸ்கேன் எடுத்தார்கள். தேய்ந்த கழுத்தெலும்புகள் முள்ளந்தண்டு நரம்பை நெரித்திருந்தன. ஒப்பரேசன் செய்யாவிட்டால் கைகாலும் போய்விடலாம்.

"என்ட உடம்புப் பருமன்தான் காரணமா டொக்டர்?"

"அதுவும் சேந்திருக்கலாம். அளவ மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது மிஸ்ஸி. ஆனா நல்லாப் பிந்திட்டீங்க."

ஒப்பரேசன் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. அது முடிந்து அவர் கண் விழித்ததும், போர்வைக்குள் கை விட்டு அவர் பாதத்தைத் தொட்டேன். பெருவிரல் அசைந்தது. இருவரும் அழுதோம். நடை, ஊன்றுகோலோடு திரும்பியது. வலது கை விரல்கள் முழுதாகத் திரும்பவேயில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உடம்பும் பருத்துவிட்டது. சில நாட்களாகச் சோறு பிசையும்போது சூடு தெரியவில்லை. நேற்று அறைக்குள் போய் என் கழுத்தை நானே அளந்தேன். இலக்கத்தைப் பார்த்ததும் நாடாவைச் சுருட்டி ஒளித்துவைத்தேன். குருக்கள்மடத்தில் தங்கையோடு இருக்கும் மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன்.

விரல் மரத்ததைச் சொன்னேன்.

"எத்தின நாளா?"

"ரெண்டு கிழமை."

"அளவ விடு. வீட்டுக்காரருக்குச் சொன்னியா?"

"இல்ல மிஸ்ஸி. பயமாக் கிடக்கு. நீங்களும் சொல்லிராதிங்க."

"போன அவர்ட்டக் குடு."

கணவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நடந்து போய்ப் போனை நீட்டினேன்.