பூசையன்று நகர மறுத்த கார்

புதிய மாடல் கார்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். சென்சார் எல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்கு என்பேன்.

ஆவணி முதல் வெள்ளி காலை, மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கோயில் வாசலில் என் புது எஸ்யூவிக்குப் பூசை போட்டு, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கியர் போட்டதும் கார் அலறியது, நகரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. எதிரே வெறும் வெயில்தான், ஆளே இல்லை.

“சகுனம் சரியில்ல மச்சான். திருப்பிக் குடுத்துருங்க லா,” என்றான் பின் சீட்டில் இருந்த மைத்துனன்.

சென்சார்தான் உளறுகிறது என்று நினைத்தேன். அதை அணைக்க விரலை நீட்டினேன். அப்போது போனட்டின் விளிம்பில் வளையல் போட்ட கை ஒன்று மெல்ல எழுந்தது. பிறகு என் மனைவியின் முகம்.

“ஒரு பழம் உருண்டுருச்சுங்க. சரியா வெச்சிட்டேன், இப்ப ஓட்டுங்க!”

இப்போதெல்லாம் கார் கத்தினால், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்க்கிறேன்.