எஞ்சின் அணைகிற சத்தம்

அரிமளம் சாலையில் பின்னாலிருந்து ஓயாமல் ஹாரன் அடித்தபடி பைக்கில் வந்தவர், என் ஸ்கூட்டரைத் தாண்டும்போது என்னவோ கத்தினார். "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா" என்று நானும் கத்தினேன். உடனே என் முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நானும் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த வசவு அப்பாவுடையது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி ஓட்டியவர், போகிற வழியில் என்னை அறந்தாங்கிப் பள்ளியில் இறக்கிவிடுவார். என் யூனிபார்மில் எப்போதும் மீன் வாடை. குறுக்கே வருகிற எல்லோரையும் திட்டுவார். அவர்களும் பதிலுக்குத் திட்டுவார்கள். ஐஸ் உருகுகிற லோடை நிறுத்திவிட்டுச் சண்டை போட யாருக்கு நேரம்?

"வாய் பேசுற வரைக்கும் ஒண்ணுமில்ல ஆத்தா. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்குனான்னாதான் பயப்படணும்" என்பார்.

ஒருநாள் ஒரு கார்க்காரன் என்னைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஐஸ் தண்ணீர் ரோட்டில் சொட்டுகிற சத்தம் அன்றுதான் எனக்குக் கேட்டது. கிழிந்த சட்டைப் பையோடு திரும்பி வந்தவர், "அம்மாட்ட சொல்லாத" என்றார். அவன் என்ன சொன்னான் என்பதைக் கடைசிவரை சொல்லவேயில்லை.

இப்போது இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே என்னை நோக்கி வந்தார்.

"சைடு ஸ்டாண்ட் எடுக்கலைங்க அக்கா. அதத்தான் கத்துனேன்."

நான் கீழே பார்க்கவில்லை. அவர் கைகளையே பார்த்தபடி காலால் துழாவினேன். ஸ்டாண்ட் கீழேதான் இருந்தது.

"தேங்க்ஸ்ங்க" என்றேன். என் எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.