போலந்துக் கொழுக்கட்டையும் பேத்தியின் முதல் பல்லும்

2017 பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது. மூன்று பாகைக் குளிர். நாங்கள் குடியிருக்கும் லா சப்பல் பகுதி முழுக்கத் தூறல். நானும் மனைவியும் ஒரே குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு, மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையப் பக்கம் இருந்த ஒரு போலந்து உணவகத்துக்கு நடந்துபோனோம்.

வெளியே சாப்பிடுவதென்றால் எனக்குப் பயம். விலை, உப்பு, மனைவியின் சிறுநீரகம் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். அன்று போனதற்குக் காரணம் பேத்தி.

எங்கள் மகன் போலந்துப் பெண்ணை மணந்தவன். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம், அங்கே வேலை கிடைத்ததென்று மருமகளின் ஊருக்கே குடிபோய்விட்டான். குழந்தைக்குக் கீழே இரண்டு பற்கள் முளைத்துவிட்டன என்று முதல்நாள் தொலைபேசியில் சொன்னான். அதன்பிறகு மனைவி சரியாகப் பேசவில்லை.

எங்களவர்களிடம் முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவது வழக்கம். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, ஓரத்தைப் பல்லுப் போலக் கிள்ளி அவித்த கொழுக்கட்டைகளைத் தலையில் சொரிவார்கள். இந்தப் பிள்ளைக்கு யார் கொட்டுவது? மனைவியால் பயணம் செய்ய முடியாது. மருமகளின் நாட்டுச் சாப்பாட்டையாவது கண்டால் மனம் ஆறும் என்று நினைத்துத்தான் அவளைக் கூட்டிப்போனேன்.

‘பியெரோகி’ என்று ஒரு தட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.

“இஞ்சருங்கோ, இது எங்கடை கொழுக்கட்டையெல்லோ! கிள்ளின விதத்தைப் பாருங்கோ.”

“உள்ளுக்கை உருளைக்கிழங்கு. உமக்குக் கூடாது.”

“நான் சாப்பிடப் போறனெண்டு ஆர் சொன்னது? மோனுக்குப் போனை எடுங்கோ.”

வீடியோவில் மகன் வந்தான். “பிள்ளையை வெள்ளைத் துணியிலை இருத்து மோனை” என்றாள் மனைவி.

“இப்பவோ அம்மா? இஞ்சை கொழுக்கட்டை இல்லையே.”

“என்னட்டை இருக்கு.”

மருமகள் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் துவாயை விரித்துக் குழந்தையை இருத்தினாள். மகன் தொலைபேசியைக் குழந்தைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். எங்கள் தொலைபேசியை மேசையில் படுக்க வைத்தேன். திரை நிறையப் பேத்தியின் உச்சந்தலை. பழுப்பு நிறத்தில் மெல்லிய முடி.

நான் தடுக்குமுன் மனைவி தட்டை இரண்டு கையாலும் தூக்கி அந்தத் தலையில் கொட்டினாள். ஒன்பதும், உருகிய வெண்ணெயும், பொரித்த வெங்காயமும்.

“ஐயோ, போன்!”

“சும்மா இருங்கோ, பிள்ளை சிரிக்கிறாள்.”

உண்மைதான். கொழுக்கட்டைக் குவியலுக்குள் இருந்து குழந்தையின் சிரிப்புச் சத்தம் வந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறாவதை எடுக்கும்போது சத்தம் நின்றது. எல்லாவற்றையும் எடுத்தபோது திரை கறுத்திருந்தது.

பரிமாறிய பெண் துணியோடு ஓடிவந்தாள். மனைவி தன் பல்லைத் தொட்டுக் காட்டி, குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோல் கையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, இன்னொரு தட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பில்லில் சேர்க்கவுமில்லை. இரண்டு தரம் பார்த்தேன். சொல்லக் கேளாமல் மனைவி அதில் ஒன்றைத் தின்றாள்.

“தேங்காய்ப்பூ இல்லாத குறைதான்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “என்ரை கைதான் கொட்டினதெண்டு பிள்ளைக்கு விளங்கியிருக்குமோ?” என்று கேட்டாள்.

அந்த வருடம் ஓகஸ்டில் மனைவி போய்விட்டாள். செத்தவீட்டுக்குத்தான் மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது பேத்திக்கு ஆறு பற்கள். இப்போதும் அந்த உணவகத்தைக் கடக்கும்போது கண்ணாடி வழியே உள்ளே பார்ப்பேன். தனியாகப் போய் இருக்க மனம் வருவதில்லை. அவர்கள் குடிபோனபிறகு என் மனைவி அந்தக் குழந்தைக்கு மிக அருகில் போனது அன்றுதான். அதற்கு ஆன செலவு, சாப்பாடு பத்தொன்பதும் தொலைபேசி திருத்த எண்பத்தைந்துமாக, நூற்று நான்கு யூரோ.